தங்கவயலின் பதர்

கோலார் தங்கவயலின் ஆண்டர்சன்பேட்டைப் பிள்ளைகளிடம் ஒரு மலை வரையச் சொல்லுங்கள். உச்சியைத் தட்டையாக வரைவார்கள். மற்ற ஊர்களில் மலை என்றால் இரண்டு கூம்பு, நடுவில் சூரியன். நாங்கள் வரைந்த மலைக்குக் கூம்பு கிடையாது. பெரிய மேசைமேல் சாம்பல் நிறத் துணியைப் போர்த்தி, மழை அதன் ஓரங்களைக் கிழித்துவிட்ட மாதிரி இருக்கும். பச்சைக் கிரேயானுக்கு வேலையே இல்லை.

அது மலையல்ல என்று எனக்குத் தெரிந்தபோது பத்து வயதிருக்கும். அதுவரை அது எங்களோடு ஆதியிலிருந்தே இருந்ததாகத்தான் நினைத்திருந்தேன். ஆடிக்காற்று தொடங்கினால் ஆயா வாசலில் நின்று மேட்டைப் பார்ப்பாள். "காத்து எழும்பிடுச்சி, துணியெல்லாம் உள்ளே எடு" என்பாள். கொஞ்ச நேரத்தில் மாவு மாதிரியான தூள் தெருவுக்குள் இறங்கும். தண்ணீர்ப் பானையின் மூடிமேல் படியும், சோற்றிலும் நறநறக்கும். இந்தத் தூள் எங்கிருந்து வருகிறது என்று கேட்டதற்கு ஆயா சொன்னது இன்றும் நினைவிருக்கிறது: "உங்க தாத்தா கீழேயிருந்து எடுத்தாந்து கொட்டினதுதான்."

சயனைடு மேடு என்றும் சயனைடு மலை என்றும் நாங்கள் சொல்லும் அந்தக் குவியல்கள் மொத்தம் 13. கோலார் தங்கவயல் முழுக்கப் பரவி 1,003 ஏக்கரை அடைத்துக்கொண்டு நிற்கின்றன. உயரமானவை 40 மீட்டர் வரை எழும்பியிருக்கும். அவற்றில் கிடக்கும் தூளின் எடை 3 கோடியே 30 லட்சம் டன் என்பது அரசுக் கணக்கு.

ஊருக்கு எங்கள் ஆட்கள் வைத்த பெயர் தங்கவயல். வடஆற்காட்டிலிருந்தும் சித்தூர்ப் பக்கத்திலிருந்தும் வந்தவர்களில் பெரும்பாலோர் நிலத்தில் கூலிவேலை செய்தவர்கள். மண்ணிலிருந்து எது கிடைத்தாலும் அவர்களுக்கு அது அறுவடைதான். நெல்லைக் களத்தில் அடித்துத் தூற்றும்போது மணி காலடியில் விழும், பதர் காற்றோடு தள்ளிப்போய் ஒரு பக்கமாகக் குவியும். அப்படிப் பார்த்தால் சயனைடு மேடு தங்கவயலின் பதர். இந்தப் பதர் பிறந்த கதையைத்தான் சொல்ல உட்கார்ந்திருக்கிறேன். பொன் பிறந்த கதையைப் பலர் எழுதிவிட்டார்கள், படமும் எடுத்துவிட்டார்கள்.

கதையின் முதல் பிடி தூள் பெண்களின் கையிலிருந்து விழுந்தது.

1802. திப்பு வீழ்ந்து மூன்று வருடம். மைசூரின் கிழக்கு எல்லையை அளந்துகொண்டிருந்த லெப்டினன்ட் ஜான் வாரன், இந்தப் பக்கத்து மண்ணில் பொன் இருப்பதாகக் கேள்விப்பட்டார். கொண்டு வந்து காட்டுகிறவர்களுக்குப் பரிசு என்று அறிவித்ததும் ஊர்க்காரர்கள் மண்ணை ஏற்றிவந்து அவர் கண்முன்னே அலசிப் பொன் துகளைக் காட்டினார்கள். பிறகு அவர் மாரிக்குப்பம் போனார். அங்கே பறையர் குடியினர் குழி தோண்டிக் கல் எடுத்துக்கொண்டிருந்தார்கள். குழிகளின் ஆழம் 30 அடி, 45 அடி. கீழே ஆண்கள் உடைத்த கல்லைக் கூடையில் போட்டுக் கைமாற்றிக் கைமாற்றி மேலே அனுப்புவார்கள். மேலே பெண்கள் அதைப் பாறைமேல் வைத்து இடித்துப் பொடியாக்குவார்கள். பொடியை நீரில் அலசினால் கனமான பொன் அடியில் தங்கும், மிச்சம் வழிந்தோடும். அந்த மிச்சம்தான் மேட்டின் தொடக்கம். பின்னால் வந்த இயந்திரங்களெல்லாம் அந்தப் பெண்கள் செய்ததையே பெரிதாகச் செய்தன: இடி, அலசு, வடி, கொட்டு.

வாரனின் அறிக்கை அச்சேறி, எழுபது வருடம் போலத் தூங்கிக் கிடந்தது. 1871 வாக்கில் மைக்கேல் லெவெல் என்ற ஐரிஷ்காரர் அதைப் படித்தார். நியூசிலாந்துப் போரில் இருந்துவிட்டு வந்து பெங்களூரில் தங்கியிருந்த படைவீரர் அவர். பொன் தேடும் ஆசையை நியூசிலாந்திலிருந்தே கொண்டுவந்திருந்தார். மாட்டுவண்டியில் இந்தப் பக்கம் வந்து பார்த்தார், மைசூர் அரசிடம் விண்ணப்பித்தார், 1875-ல் உரிமம் வாங்கினார். ஆனால் பணம் போதவில்லை. இரண்டு வருடத்தில் உரிமை கைமாறியது. 1880-ல் ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் என்ற லண்டன் நிறுவனம் வந்தது. அவர்களுக்கும் முதலில் கைப்பணம் கரைந்ததுதான் மிச்சம். நிறுத்திவிடலாம் என்ற நிலையில், பிளம்மர் என்ற சுரங்க அதிகாரி பழைய மனிதர்கள் விட்டுச்சென்ற குழிகளுக்குக் கீழே இன்னும் தோண்டிப் பார்த்தார். சாம்பியன் ரீஃப் என்ற பொன் பாளம் அங்கே இருந்தது. ஆக, வெள்ளைக்காரருக்கு வழிகாட்டியதும் பெயர் தெரியாத நம் ஆட்கள் தோண்டிய குழிதான். இதை அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. பாடப் புத்தகத்தில் படித்த 'கண்டுபிடித்தார்' என்ற வினைச்சொல் எனக்கு இன்னும் உறுத்துகிறது.

பொன் பாளம் கிடைத்ததும் ஊர் வளர்ந்தது. 1894-ல் பௌரிங்பேட்டையிலிருந்து, அதாவது இன்றைய பங்காருப்பேட்டையிலிருந்து, மாரிக்குப்பத்துக்கு ரயில் வந்தது. பெண்கள் கல்லை இடித்த இடத்தில் இரும்பு உலக்கைகள் வரிசையாக ஏறி இறங்கும் மில்லுகள் நின்றன. இடித்த கூழைப் பாதரசம் பூசிய செப்புத் தகடுகளின் மேல் ஓடவிடுவார்கள். பொன் பாதரசத்தோடு ஒட்டிக்கொள்ளும். எல்லாப் பொன்னும் ஒட்டாது. மிக நுண்ணிய துகள்கள் கூழோடு ஓடிவிடும். முதலாளிகள் தங்கள் கண்ணெதிரே ஓடிப்போகும் பொன்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

விடை ஸ்காட்லாந்திலிருந்து வந்தது. கிளாஸ்கோவில் ஜான் ஸ்டூவர்ட் மக்ஆர்தர் என்ற வேதியியலாளரும், ராபர்ட், வில்லியம் ஃபாரெஸ்ட் என்ற மருத்துவர்களான இரண்டு சகோதரர்களும் சேர்ந்து 1887-ல் ஒரு முறைக்குக் காப்புரிமை வாங்கினார்கள். அரைத்த கல்தூளை மிக நீர்த்த சயனைடு கரைசலில் ஊறவைத்தால், காற்றிலுள்ள ஆக்சிஜன் துணைசெய்ய, கண்ணுக்குத் தெரியாத பொன்னும் கரைந்து நீரோடு வந்துவிடும். அந்த நீரைத் துத்தநாகச் சீவல்கள் வழியே விட்டால் துத்தநாகம் கரைந்து பொன் கறுப்புச் சேறாகப் படியும். உருக்கினால் கட்டி. தென்னாப்பிரிக்கா, நியூசிலாந்து என்று பரவிய இந்த முறை 1890-களில் எங்கள் ஊருக்கும் வந்தது. அதுவரை கழிவென்று தள்ளியதைக்கூட மறுபடி அள்ளி ஊறவைக்க முடிந்தது.

மேட்டுக்குப் பெயர் கிடைத்தது இப்படித்தான். பொன்னை இழந்து, சயனைடில் குளித்து, தொட்டியிலிருந்து வெளியேறிய சாம்பல் நிறத் தூளை எங்காவது கொட்டியாக வேண்டும். சுரங்கங்களின் ஓரம் கொட்டினார்கள். குவியல் நிறைந்தால் இன்னொரு குவியல். பக்கத்தில் லைன் வீடுகள் இருந்தன, மூங்கில் தட்டி அடைத்து ஓலை போட்ட ஒற்றை அறைகள். காற்று எந்தப் பக்கம் அடிக்கும் என்று பார்த்து அந்த வீடுகளைக் கட்டவில்லை என்பதை எந்த ஆடி மாதத்திலும் நேரில் பார்க்கலாம்.

1902 ஜூன் 30 அன்று காவிரியின் சிவசமுத்திர நீர்வீழ்ச்சியிலிருந்து ஏறக்குறைய 147 கிலோமீட்டர் கம்பிவழி மின்சாரம் தங்கவயலுக்கு வந்து சேர்ந்தது. பெங்களூர்த் தெருக்களில் மின்விளக்கு எரிந்ததே அதற்கு மூன்று வருடம் கழித்துத்தான். எங்கள் ஊர்ப் பெரியவர்கள் இதைப் பெருமையாகச் சொல்வார்கள். பெருமைதான். ஆனால் அந்த மின்சாரம் முதலில் வந்தது வீட்டு விளக்குக்கு அல்ல, மில்லுக்கும், சுரங்கத்துக்குள் ஆட்களை ஏற்றி இறக்கும் கூண்டை இழுக்கும் சக்கரத்துக்கும். மில்லு வேகமானது, கூண்டு ஆழமாக இறங்கியது, மேடும் வேகமாக வளர்ந்தது. ஒரு காலத்தில் முப்பதாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் இங்கே வேலை பார்த்தார்கள். ஷிஃப்டுக்குச் சங்கு ஊதினால் ஊரே நடக்கும்.

வேலை முடிந்து மேலே வருகிறவரைச் சோதனை போட்டுத்தான் வெளியே விடுவார்கள். மடியிலோ முடியிலோ ஒரு துணுக்குக் கல் இருக்கிறதா என்று தேடல். பொன் திருட்டுக்கென்றே தனிச்சட்டம் இருந்தது. தொழிலாளி ஒவ்வொருவரும் கைரேகை வைத்துப் பதிய வேண்டும் என்றபோது, நாங்கள் என்ன குற்றவாளிகளா என்று கேட்டு 1930-ல் ஊரே வேலைநிறுத்தம் செய்தது. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். அந்தச் சோதனை வாசலுக்குப் பக்கத்திலேயே, மில்லு பிடிக்கத் தவறிய பொன், தூளோடு தூளாக மேட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. ஒரு டன்னில் ஒரு கிராமுக்கும் குறைவுதான். ஆனால் 3 கோடி டன்னுக்கு மேல் சேர்ந்தால் அது சின்னத் தொகை இல்லை.

கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்ப்போம். இங்கே பெண் எடுத்த வீடுகளில் கழுத்தில் ஒரு சவரனாவது கேட்பார்கள். ஒரு சவரன் 8 கிராம். தொடக்க காலத்தில் ஒரு டன் பாறையில் 47 கிராம் வரை பொன் இருந்தது என்பார்கள். அப்படியானால் ஒரு சவரனுக்கு 170 கிலோ பாறை போதும். மூடும் காலத்தில் டன்னுக்கு 3 கிராம் அளவுக்கு இறங்கிவிட்டது. அதே சவரனுக்கு 2,700 கிலோ பாறையை உடைத்து, தூக்கி, அரைத்து, ஊறவைத்துக் கொட்ட வேண்டும். 120 வருடத்தில் மொத்தம் கிடைத்த பொன் 800 டன்னுக்கு மேல். பொன் கனமானது, இடத்தை அடைக்காது. அந்த 800 டன்னையும் ஒரே கட்டியாக உருக்கினால் நீளம், அகலம், உயரம் மூன்றும் பதினொன்றரை அடிக்குள் அடங்கும். ஒரு லைன் வீட்டின் ஒற்றை அறை. அந்த அறை ஊரைவிட்டுப் போனது. 1,003 ஏக்கர் மேடு எங்களிடம் தங்கியது.

மேடு இருந்தால் பள்ளமும் இருக்க வேண்டுமே. மேலே கொட்டியதெல்லாம் கீழே ஒரு வெறுமையை விட்டுவந்தது. சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3.2 கிலோமீட்டர் ஆழம் வரை போனது. அந்த ஆழத்தில் பாறையின் சூடு 65 பாகை செல்சியஸைத் தாண்டும். சுற்றியிருக்கும் பாறையின் அழுத்தம் வெறுமையின்மேல் இறங்கும்போது பாறை திடீரென்று வெடிக்கும். ராக் பர்ஸ்ட் என்ற சொல் எங்கள் ஊரில் பள்ளிக்கூடம் போகாதவர்களுக்கும் தெரியும். மேலே வீட்டில் பாத்திரம் அதிரும். அடுப்படியில் இருக்கும் பெண்கள் கையிலிருப்பதைப் போட்டுவிட்டு, சுரங்கத்துக்குள் இறங்கும் வழியான சாஃப்டின் வாசலுக்கு ஓடுவார்கள். எந்த ஷிஃப்ட், யார் யார் கீழே என்ற கேள்விக்குப் பதில் வரும்வரை அங்கேயே நிற்பார்கள். வெடிப்புக்குத் தப்பியவர்களின் நெஞ்சில் கல்தூள் இறங்கியது. சிலிக்கோசிஸ் என்ற பெயர் தெரியாமலே இருமி இறந்தவர்கள் எத்தனையோ பேர். மேட்டின் ஒரு பங்கு அவர்களுடைய நுரையீரலுக்குள்ளும் இருந்தது.

அதே வெறுமையால் உலகத்துக்கு இன்னொன்றும் கிடைத்தது. அண்டக் கதிர்களை ஆழத்தில் ஆராய டாடா ஆராய்ச்சி நிலையத்தின் இயற்பியலாளர்கள் 1951 முதலே இங்கே வந்துகொண்டிருந்தார்கள். 1965-ல் ஹீத்கோட் சாஃப்ட் வழியே இறங்கி, 2.3 கிலோமீட்டர் ஆழத்தில், வளிமண்டலத்தில் பிறந்த நியூட்ரினோவின் தடத்தைப் பதிவு செய்தார்கள். உலகிலேயே அப்படிப் பதிவு செய்த முதல் குழுக்களில் ஒன்று. எம். ஜி. கே. மேனனும் பி. வி. ஸ்ரீகண்டனும் அந்தக் குழுவில் இருந்தார்கள், ஜப்பானிய, ஆங்கிலேய அறிஞர்களும் இருந்தார்கள். கருவிகளைக் கீழே இறக்கியவர்களும் குகையை வெட்டிக் கொடுத்தவர்களும் எங்கள் ஊர்க்காரர்கள். சாம்பியன் ரீஃபுக்கு வருகிறவர்களுக்கு இதைச் சொல்ல ஓர் அறிவிப்புப் பலகை வேண்டும்.

சாம்பியன் ரீஃபுக்கு இன்னொரு பெருமையும் உண்டு. சாதியை எதிர்த்த சிந்தனையாளர் அயோத்திதாசப் பண்டிதரின் தமிழ்ப் பௌத்தம் சென்னைக்கு வெளியே ஆழமாக வேர்விட்ட இடங்களில் ஒன்று இந்தச் சுரங்க லைன்கள். மாரிக்குப்பத்திலும் சாம்பியன் ரீஃபிலும் பௌத்த சங்கங்கள் இருந்தன. பண்டிதர் 1914-ல் மறைந்த பின்னால் நின்றுபோன அவருடைய 'தமிழன்' இதழ் 1926-ல் ஜி. அப்பாதுரையாரை ஆசிரியராகக் கொண்டு தங்கவயலிலிருந்து மறுபடி வந்தது. பண்டிதரின் நூல்களை அச்சிட்டுக் காப்பாற்றியதும் இங்கிருந்த சித்தார்த்தா புத்தகசாலை. பகலில் கல்லை உடைத்துக் கூடையில் ஏற்றியவர்கள் இரவில் கூடி இதழ் வாசித்தார்கள். மேட்டைக் குவித்த கைகளைப் பற்றிப் பேசும்போது இதை விட்டுவிட்டுப் பேசுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கம் மூடியது. சங்கு நின்றது. மேடு வளர்வதும் அன்றோடு நின்றது. கீழே இருந்த வெறுமையில் தண்ணீர் ஏறத் தொடங்கியது. ஊரில் ஆயிரக்கணக்கானவர்கள் விடிவதற்கு முன்னே மாரிக்குப்பத்தில் ரயிலேறிப் பெங்களூருக்கு வேலைக்குப் போய் இரவில் திரும்பும் வாழ்க்கை தொடங்கியது. பிறகு சினிமா வந்தது. 2018-ல் வந்த 'கே.ஜி.எஃப்' படத்துக்காக எங்கள் மேட்டின்மேல் செட் போட்டார்கள். நாடே பார்த்த அந்தச் சாம்பல் நிலம், நாங்கள் சின்ன வயதில் பலகையில் உட்கார்ந்து சறுக்கிய இடம். சறுக்கியிருக்கக் கூடாது என்பது இப்போது தெரிகிறது. சயனைடு வெயிலிலும் காற்றிலும் நாளடைவில் சிதைந்துவிடும். மாவான சிலிக்கா சிதையாது.

2024-ல் மேட்டுக்கு ஏலச் செய்தி வந்தது. 13 மேடுகளிலும் மிச்சமிருக்கும் பொன்னை எடுக்க ஏலம் விடலாம் என்ற மத்திய அரசின் யோசனைக்கு கர்நாடக அரசு சம்மதம் சொன்னது. பதரை மறுபடி தூற்றப் போகிறார்கள். வேலை வரும் என்று பாதி ஊர் காத்திருக்கிறது. நானும் அதை எதிர்க்கவில்லை. ஆடிக்காற்றில் இருமும் பிள்ளைகளைப் பார்த்த யாரும் மேடு அப்படியே இருக்கட்டும் என்று சொல்ல மாட்டார்கள். நான் கேட்பது வேறு.

வடக்கு பிரான்சில் நிலக்கரிச் சுரங்கங்கள் மூடிய பின்னால் அங்கேயும் இப்படிக் கழிவு மேடுகள் நின்றன. சில 140 மீட்டருக்கு மேல் உயரமானவை. லோஸ்-ஆன்-கோஹெல் என்ற சின்ன ஊரில் அப்படி இரட்டை மேடுகள் இருக்கின்றன. 2012-ல் யுனெஸ்கோ அந்தச் சுரங்க வட்டாரத்தை, மேடுகள், தொழிலாளர் குடியிருப்புகள், இரும்புக் கோபுரங்கள் எல்லாம் சேர்த்து, உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஏற்றியது. இன்று ஜனங்கள் பாதை போட்டு அந்தக் கறுப்பு மேடுகளில் ஏறுகிறார்கள். அவர்கள் மேட்டில் விற்கப் பொன் இல்லை, தப்பித்தது. எங்கள் மேட்டில் ஏறுவதும் உடம்புக்கு ஆகாது. ஆனால் சுற்றி நடக்கலாம். 13-ல் ஒரே ஒரு மேட்டையாவது புல் வளர்த்து, தூசி அடக்கி, வேலி போட்டு விட்டுவைக்கலாம். பக்கத்தில் இறந்தவர்களின் பெயரைப் பொறித்து ஒரு சுவர் வேண்டும். 120 வருட வேலைக்கு இந்த ஊரில் இருக்கும் மிகப் பெரிய நினைவுச்சின்னம் அந்தக் குவியல்தான், அதைக் கட்டியவர்களும் அவர்களேதான்.

அதுவரை, போய்ப் பார்க்க நினைப்பவர்களுக்கு நான் நடக்கும் வழியைச் சொல்கிறேன். அதிகாலையில் ஆண்டர்சன்பேட்டைக் கடைத்தெருவில் டீ குடித்துவிட்டுக் கிளம்புங்கள். சாம்பியன் ரீஃப் பக்கம் நடந்தால் லைன் வீடுகள் வரும். தட்டிக்குப் பதில் இன்று செங்கல், ஆனால் அதே வரிசை, அதே நெருக்கம். கிஃபோர்ட் சாஃப்டின் இரும்புக் கோபுரம் தூரத்திலேயே தெரியும், உச்சியில் சக்கரம் அசையாமல் நிற்கும். அதன் கீழே இன்று தண்ணீர். வேலிக்கு வெளியே நின்று பாருங்கள், உள்ளே போக வேண்டாம். பிறகு வெள்ளைக்காரர்களின் பங்களாக்கள் இருந்த மேட்டுப்பகுதியைத் தாண்டி மாரிக்குப்பம். 1802-ல் வாரன் பார்த்த குழிகள் இருந்த ஊர் அதுதான். முழுத்தூரமும் நிதானமாக நடந்தால் மதியச் சாப்பாட்டுக்குத் திரும்பிவிடலாம்.

ஆடியில் போகாதீர்கள். ஐப்பசியில், இரண்டு நாள் மழை பெய்து விட்ட மறுநாள் காலையில் போங்கள். தூள் அமுங்கிக் கிடக்கும். மழைத்தண்ணீர் மேட்டின் பக்கவாட்டைப் புதிதாக அறுத்திருக்கும். அறுத்த இடத்தில் கோடு கோடாகத் தெரியும்: வெளிர் சாம்பல், கருஞ்சாம்பல், இடையில் கந்தகம் புளித்த மஞ்சள். கொட்டிய வரிசை மாறாத இடங்களில் அடிக்கோடு மிகப் பழையது, நூறு வருடத்துக்கு முன் மேல்மட்டத்தில் வெட்டிய பாறை. மேலே போகப் போகக் கீழே இருந்து வந்த பாறை. சுரங்கத்தைத் தலைகீழாகக் கவிழ்த்து வைத்திருப்பதைத்தான் பார்த்துக்கொண்டிருப்பீர்கள். எங்கள் தாத்தா 1950-களில் கீழே இறங்கியவர். அந்தக் கோடுகளில் அவருடையது எது என்று நான் ஒவ்வொரு முறையும் தேடுவேன், நடுவில் எங்கேயோ இருக்கும்.